நூற்றுக்கு நூறு வாங்கிய கல்யாண மண்டபம்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதற்காவது நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டிருப்பதைப் பார்த்தால், அதை நூறாக்காமல் எனக்குச் சோறு இறங்காது. பள்ளிக்கூடத்தில் இந்த வியாதி இல்லை (இருந்திருந்தால் என் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடாமல் அப்பா அப்படி நழுவியிருக்கமாட்டார்). இணையதளம் செய்யும் தொழிலுக்கு வந்தபிறகுதான் பிடித்துக்கொண்டது. காரணம், தளங்களின் வேகத்தை அளக்கிற ஒரு கருவி. முகவரியைக் கொடுத்தால் உள்ளே போய் மூலை முடுக்கெல்லாம் முகர்ந்து பார்த்துவிட்டு, ஒரு வட்டத்துக்குள் மதிப்பெண்ணைக் காட்டும். குறைந்தால் சிவப்பு, தொண்ணூற்றைத் தொட்டால் பச்சை. அந்தப் பச்சைக்காக நான் செய்த காரியத்தில், என் அக்கா கோமதியின் கல்யாணம் நடுத்தெருவுக்கு வரப் பார்த்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறைதான் அலுவலகம். ஒரு மடிக்கணினி, ஒரு மேசை விசிறி, 'தலைமை நிர்வாகி' என்று அச்சடித்த விசிட்டிங் கார்டு. நிர்வகிக்க என்னைத் தவிர ஆள் கிடையாது. நானும் சொன்ன பேச்சு கேட்கமாட்டேன்.

முதல் வாடிக்கையாளர் சங்கரலிங்கம் அண்ணாச்சி. ஆற்றுப்பாலத்துக்கு அந்தப் பக்கம் கல்யாண மண்டபம் வைத்திருந்தார். முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் "அந்தத் தேதி காலியா, இந்தத் தேதி காலியா" என்று கேட்டே அவர் போனை உருக்கிவிடுவார்கள். ஒரு நீள நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பதில் சொல்வார். இனி சனங்கள் வீட்டிலிருந்தே பார்த்துப் பதிவு செய்துகொள்ளட்டும் என்று என்னிடம் வந்தார். நானும் செய்துகொடுத்தேன். காலண்டர் மாதிரி ஒரு பக்கம். காலி நாள் பச்சை, பதிவான நாள் சிவப்பு. பச்சையைத் தொட்டு, பேரும் போன் நம்பரும் கொடுத்தால், உறுதி என்று குறுஞ்செய்தி போய்விடும்.

அளந்து பார்த்தேன். நாற்பத்தொன்று.

அன்றைக்குப் பிடித்தது சனி. ஏன் நாற்பத்தொன்று என்று ஒவ்வொன்றாகத் தோண்ட ஆரம்பித்தேன். அண்ணாச்சி கொடுத்த படங்கள் ஒவ்வொன்றும் பேருந்து நிலையத்தில் பேனர் கட்டும் அளவில் இருந்தன. படத்தைச் சுருக்கும் கருவியில் போட்டு எடுத்தேன்; அறுபத்தெட்டு. பக்கம் திறந்ததும் மேலிருந்து பூ உதிர்கிற அலங்காரத்தை எடுத்தேன். எண்பத்து மூன்று (அண்ணாச்சி அந்தப் பூவுக்காக ரெண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை). மிச்சத்துக்கு என்ன வழி என்று தேடியபோது, வேகத்துக்கான குறிப்புகள் என்று நீளமான ஒரு பட்டியல் அகப்பட்டது. அதில் ஒன்று: மாறாத கோப்புகளை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அந்த நகலையே கொடுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தயார் செய்யாததால் பக்கம் பறக்கும்.

அருமையான குறிப்பு. நான் அவசரத்தில் 'மாறாத' என்பதைத் தாண்டிக் குதித்துவிட்டு, எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்துவிட்டேன். படங்களை, எழுத்துருக்களை, காலண்டரையும். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டது. தாராள மனசோடு ஒரு வருஷம் என்று போட்டேன். இன்னும் ஆசை அடங்கவில்லை. பதிவுப் பொத்தானைத் தொட்டால் இரண்டு நொடி ஆகிறதே என்று பார்த்தால், அந்த நாள் இன்னமும் காலியா என்று அது உள்ளே போய் ஒருமுறை விசாரித்துக்கொண்டிருந்தது. அதுதான் பச்சையில் கண்ணுக்கு நேரே தெரிகிறதே, மறுபடி எதற்கு விசாரணை என்று அதையும் வெட்டினேன்.

நூற்றுக்கு நூறு. அந்தத் திரையைப் படம் எடுத்து உறவுக்காரர் குழுவில் போட்டேன். பெரியம்மா ஒருத்தி, எந்தப் பரீட்சையில் என்று கேட்டாள்.

மறுநாள்தான் அக்காவுக்குத் தேதி குறித்தார்கள். மாப்பிள்ளைக்கு ஊர் முக்கூடல். ஆவணியில் ஒரு முகூர்த்த நாள், காலை ஒன்பதிலிருந்து பத்தரை. மண்டபத்தின் முதல் இணையப் பதிவு என் அக்கா கல்யாணமாகத்தான் இருக்க வேண்டும் என்று, வீட்டார் எல்லோரையும் சுற்றி நிற்க வைத்து நானே பதிவு செய்தேன். உறுதி என்று செய்தி வந்தது. கைதட்டினார்கள். காலண்டரில் அந்த நாள் சிவப்பாக மாறியதா என்று நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியதெல்லாம் முந்தின நாளே பார்த்துவிட்டேனே, வட்டத்துக்குள் நூறு.

வேகம் முடிந்ததா, அடுத்தது பாதுகாப்பு. அதற்கும் ஒரு பட்டியல் இருந்தது. பதிவுகளைப் பார்க்கிற பக்கத்துக்குக் கருவியை வைத்தே பதினெட்டு எழுத்தில் ஒரு கடவுச்சொல் செய்தேன். மூன்று தடவை தப்பாகப் போட்டால் ஒரு நாள் முழுக்கப் பூட்டு. அவசரமாகத் திறக்க வேண்டுமென்றால் மண்டபத்து நம்பருக்குக் குறியீடு வரும். அண்ணாச்சியின் நோட்டைக் காட்டி, இதை யார் வேண்டுமானாலும் புரட்டலாம், பெரிய ஆபத்து என்று சொல்லி, பீரோவில் வைத்துப் பூட்டச் சொன்னேன். கடவுச்சொல்லை எங்கன எழுதி வைக்க என்று கேட்டார். எங்கேயுமே எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையை ஆட்டினார். நான் படியிறங்கியதும், கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய தினசரி காலண்டரில் அன்றைய தாளில் எழுதிக்கொண்டார். மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல அந்தத் தாளைக் கிழித்தார். அதன்பிறகு பதிவுகளைத் திறந்து பார்க்கவே இல்லை.

எங்கள் பத்திரிகை அச்சாகி வந்து, கொற்கை வரை பாதி சொந்தத்துக்குக் கொடுத்தும் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் களக்காட்டிலிருந்து வேலாயுதம் என்பவரும் அவர் மனைவியும் தாம்பாளத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். அவர் வாழைத்தார் வியாபாரி. அப்பா களக்காட்டில் போஸ்ட்மாஸ்டராக இருந்த நாளில் ஏற்பட்ட பழக்கம். மகளுக்குக் கல்யாணம், அழைக்க வந்திருந்தார்கள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் தடவிய பத்திரிகையை வாய்விட்டு வாசித்தார். மண்டபத்தின் பேர் வந்த இடத்தில் நின்றார். மேலே போய்த் தேதியை இன்னொரு தடவை வாசித்தார்.

"வேலாயுதம், அன்னைக்கு அங்கன எங்க கோமதிக்குல்லா கல்யாணம்."

"அதெப்படி சார்? பச்சையால்லா காட்டிச்சு. உறுதின்னு செய்தியும் வந்திருக்கு." போனை எடுத்து நீட்டினார். செய்தியின் அடியில், உருவாக்கம் என்று போட்டு என் நிறுவனத்தின் பேர் இருந்தது. காப்பி கொண்டுவந்த அம்மா உட்பட எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அந்த நேரத்திலும் என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "உங்க போன் ரொம்பப் பழசோ?" (இந்தத் தொழிலில் தப்பு எங்கே என்று தெரியாதபோது எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி இதுதான்.) அவர் பக்கத்தைத் திறந்து காட்டினார். பச்சை. அப்பாவின் போனில் பச்சை. அக்காவின் போனில் பச்சை. இன்னும் நாலு கல்யாணத்துக்கு இடம் இருக்கிறமாதிரி வயல்போல விரிந்து கிடந்தது அந்த நாள். பாருங்கள், அந்த அவமானத்திலும் மனசின் ஒரு ஓரத்தில், இது எப்படி நடந்திருக்கும் என்று குறுகுறுவென்று இருந்தது. அப்போதுதான் ஒரு வருஷத்துக்கு என்று நான் எடுத்து வைத்த காலண்டர் நகல் ஞாபகம் வந்தது.

ஆவணி முகூர்த்தத்துக்கு ஊரில் வேறு மண்டபம் கிடைக்கவே கிடைக்காது. ரெண்டு வீட்டிலும் பத்திரிகை போய்விட்டது. அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னாள்: "ஏலே, கல்யாணத்துக்குத் தம்பி என்ன சீர் செய்யப்போறான்னு ஆபீஸ்ல எல்லாரும் கேட்டாக. இதச் செஞ்சிட்டான்னு சொல்லட்டா?"

நாங்களும் வேலாயுதமும் மண்டபத்துக்குப் போய்ச் சேர்வதற்குள், அப்பா போனில் விஷயத்தைச் சொன்ன பதற்றத்தில் அண்ணாச்சி மூன்று தடவை ஏதேதோ கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்திருந்தார். பூட்டிக்கொண்டது. சரி, குறியீடு வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஏனென்று பார்த்தால், மண்டபத்து நம்பர் என்று நான் கொடுத்து வைத்திருந்தது லேண்ட்லைன். பச்சை நிறத்தில் மேசையில் உட்கார்ந்திருந்தது. அதற்கு எங்கே குறுஞ்செய்தி வர?

"ரெண்டு வீடுதானா, இல்ல இன்னும் யாரும் இருக்காகளாவே?" என்று அண்ணாச்சி கேட்டார். அது எனக்கும் தெரியவேண்டியிருந்தது. அதற்கு ஒரு நாள் பொறுக்க வேண்டும், கடவுச்சொல்லும் வேண்டும். நானும் அதை எங்கேயும் எழுதி வைக்கவில்லை, எனக்கென்று உள்ளே போகத் தனி வழியும் வைத்துக்கொள்ளவில்லை. பட்டியலில் அப்படித்தானே போட்டிருந்தது. (அதற்கென்றே பூட்டி வைக்கிற கருவி இருக்கிறது என்று அடுத்த வரியில் போட்டிருந்ததாம். நான் அந்த வரிக்குப் போகவில்லை.)

கிழித்த தாள்களை அண்ணாச்சி தூரப் போடுவதில்லை. கோயில் கோயிலாகப் போய் வாங்கி வரும் திருநீற்றையும் குங்குமத்தையும் அதில்தான் மடித்து வைப்பார். சாமி படத்துக்குக் கீழே ஒரு டப்பா நிறைய பொட்டலங்கள். அந்த மத்தியானம் அப்பா, வேலாயுதம், அண்ணாச்சி, நான் நாலு பேரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்தோம். பிரிக்கப் பிரிக்க வேலாயுதம் பூசிக்கொண்டே வந்ததில், கடைசியில் அவர் முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. முப்பது பொட்டலத்துக்கு மேல் போனபிறகு கிடைத்தது. ஒரு எழுத்தின்மேல் குங்குமம் ஊறிப்போயிருந்தது. அது எட்டாகவும் இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம்.

மறுநாள் மத்தியானம் பூட்டு விலகியது. எட்டு போட்டேன், தப்பு. மூன்று போட்டேன், தப்பு. இன்னும் ஒரே வாய்ப்பு. அப்பா தாளை வாங்கிச் சன்னலோரம் வெளிச்சத்தில் பிடித்தார். முப்பது வருஷம் அஞ்சல் உறைகளில் கோழிக் கிறுக்கலைப் படித்த கண். "பைய போடு. இது எண்ணே இல்ல. இங்கிலீஷ் பெரிய எழுத்து பி" என்றார்.

திறந்தது. அந்த நாளுக்கு மூன்று பதிவுகள். எங்கள் வீடு, களக்காடு, மூன்றாவதாக மணமகன் பேர் அஅஅஅ, மணமகள் பேர் கககக.

"யாருவே இந்த அஅஅஅ? ஆளு எந்த ஊரு? நம்மகிட்ட ஒரு வார்த்தை பேசலியே" என்று அண்ணாச்சி கலங்கிப்போனார். அது நான் பரிசோதனைக்குப் போட்டது என்று ஒப்புக்கொண்டேன். மற்ற நாட்களில் மோதல் இல்லை. ஆனால் இரண்டு கல்யாணம், ஒரு மேடை.

அதைத் தீர்த்தவள் அக்காதான். வீட்டுக்கு வந்து சொன்னதும் களக்காட்டுப் பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். அவர்களுக்கு முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை. "அவுக தாலி கட்டிட்டு எறங்கட்டும், நாங்க ஒன்பதுக்கு ஏறுதோம். முந்தின நாள் வரவேற்பையும் அவுகளே வச்சுக்கிடட்டும், நமக்கு வீட்டு வாசல்ல பந்தல் போட்டா போதும். சமையல் ஒரே ஆளு. வாசல்ல மட்டும், யாரு எந்தக் கல்யாணம்னு கேட்டு அனுப்ப ஒரு ஆளு வேணும்" என்றாள். ஆள் யார் என்று அவள் சொல்லவில்லை. எல்லோரும் மறுபடியும் என்னைப் பார்த்தார்கள். அப்பா முக்கூடலுக்குப் போய் மாப்பிள்ளை வீட்டில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். சம்பந்தியம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: ரெண்டாவது பந்திக்குச் சோறு சூடாக இருக்குமா?

கல்யாணத்தன்று காலை ஐந்து மணியிலிருந்து பட்டு வேட்டியோடு வாசலில் நின்றேன். வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் எந்தப் பெண்ணின் கல்யாணம் என்று கேட்டேன். தளத்தில் நான் வெட்டி எறிந்த அதே விசாரணை. நொடிக் கணக்குப் பார்த்து வெட்டியவன், அன்றைக்கு ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் செலவழித்தேன். எல்லோரும் பதில் சொல்லிவிட்டுப் போனார்கள், எங்கள் கொற்கை மாமாவைத் தவிர. "என்னையே யாருன்னு கேக்கியாலே?" என்று என்னைத் தள்ளிக்கொண்டு ஆறு மணிக்கே உள்ளே போனார். களக்காட்டுத் தம்பதிக்கு முன்வரிசையில் நின்று அட்சதை போட்டார், பந்தியில் சாப்பிட்டார், ஓர் அறையில் படுத்துத் தூங்கினார். ஒன்பதரைக்குக் கெட்டிமேளம் கேட்டு எழுந்து வந்தவர், "திரும்பவுமா கட்டுதாக?" என்று கேட்டாராம். களக்காட்டு வீட்டு ஆல்பத்தில் இன்றைக்கும் பெரியப்பா முறையில் அவர்தான் நிற்கிறார்.

அப்புறம் தளத்தைச் சரிசெய்தேன். படங்களுக்கு மட்டும் நகல். எந்த நாள் காலி என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டும். பதிவு எழுதும் நொடியில் இன்னொரு தடவை கேட்க வேண்டும். பரிசோதனைக்குத் தனியாக ஒரு தளம், திறப்பதற்கு இரண்டு பேரிடம் தனித்தனிச் சாவி. மதிப்பெண் தொண்ணூற்றொன்றுக்கு இறங்கியது. இப்போது என்னிடம் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுகிறேன்: மாறுவது எது, மாறாதது எது என்று முதலில் பிரித்துவிட்டு, அப்புறம் வேகத்தைப் பற்றி யோசியுங்கள். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, போய் வட்டத்துக்குள் இருக்கும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

வீட்டில்தான் என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கிறது. நான் சொல்கிற எதையும் இந்த நிமிஷத்து உண்மை என்று யாரும் நம்புவதில்லை. போன வாரம் அக்கா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. பன்னிரண்டு மணிக்குக் கூப்பிட்டாள். பாலத்துக்கிட்ட வந்துட்டேன் என்றேன்.

"அது நீ எடுத்து வச்ச நகலுலே. புதுசாப் பாத்துச் சொல்லு."

குனிந்து பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், ஒரு காலில்தான் சாக்ஸ் இருந்தது. அதையே சொன்னேன்.