கடையை யார் மூடுவது என்பது பற்றி அக்காவுக்கு

என் அன்புக்கும் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா? போனில் சொன்னால் பாதியிலேயே திட்ட ஆரம்பித்துவிடுவாய் என்பதால் கடிதம். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டவும்.

என் மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பது உனக்குத் தெரியும். வாரத்தில் மூன்று நாள் அவள்தான் கடையை மூடுகிறாள் என்பது எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. விளக்கை அணைத்து, பின்கதவைத் தாழிட்டு, ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு வருகிறாளாம், ஒற்றை ஆளாக! எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளிடம் மூச்சுவிடாமல் மேலாளரைப் போய்ப் பார்த்து, "பொம்பளப் புள்ளைய இப்படித் தனியா விடலாமா சார்?" என்று கண்கலங்கக் கேட்டேன். இளகிய மனுஷன். மறுநாளே சுவரில் தாள் ஒட்டிவிட்டார்: பெண் ஊழியர்கள் இனித் தனியாகக் கடையை மூடக்கூடாது, ஆண்கள் மூடலாம்.

நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு திரிந்தால், மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வருகிறாள். புதுக் கிளைக்கு அவளைத்தான் பொறுப்பாளராக அனுப்ப இருந்தார்களாம். கடையை மூடவே அனுமதி இல்லாதவளிடம் கிளையை எப்படி ஒப்படைப்பது என்று நிறுத்திவிட்டார்களாம். "எந்தப் புண்ணியவான் போய்ச் சொன்னான்னு தெரியலப்பா" என்றாள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டேன்.

அவளுடைய முறை லென்ஸ் தேய்ப்பவருக்குப் போயிற்று. நிலைவாசல் இடிக்கும் உயரம், கடையில் அவருக்கு 'ஒட்டகம்' என்று பெயர். எனக்கு உறுத்தல் தாங்கவில்லை. அவர் எப்படி மூடுகிறார் பார்க்கலாம் என்று ஒரு சாயங்காலம் போனேன். தூறல் என்பதால் மழைக்கோட்டைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு பக்கவாட்டுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான், அந்த ஆறடி மனுஷன் அலறிக்கொண்டு ஓடிப்போய்க் கண் பரிசோதிக்கும் அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டார். "பயப்படாதீங்க தம்பி, நான்தான்!" என்று நான் கண்ணாடியைத் தட்டத் தட்ட, அவர் உள்ளேயிருந்து போன் போட்டது யாருக்கு என்கிறாய்? என் மகளுக்கு!

பத்தே நிமிஷத்தில் வந்துவிட்டாள். "யாருடா அது?" என்று குடையை ஓங்கியவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"மழைக்கு ஒதுங்கினேம்மா."

"மேலாளர்கிட்ட போனதும் நீங்கதானா?"

பெற்ற மகளிடம் எத்தனை பொய்தான் சொல்வது அக்கா? ஒத்துக்கொண்டேன். அவள் திட்டவில்லை. கடைப் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க பயம் புரியுதுப்பா. இருட்டா இருந்தா வெளக்குப் போடச் சொல்லுங்க. என்னைப் போகாதேன்னா எப்படி?" என்றாள்.

அதற்குள் ஒட்டகம் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். "எனக்கும் தனியா மூடப் பயம்தாங்க. ஆம்பளையா இருந்துக்கிட்டு எப்படி வெளிய சொல்றது?"

மறுநாள் அதையே அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில் நானும் வாசலில் நின்றேன். மேலாளர் ஒட்டிய தாளைத் தன் கையாலேயே கிழித்தார். இப்போது ஆணோ பெண்ணோ, மூடும்போது இரண்டு பேர் இருக்க வேண்டும். பின்கதவுக்கு விளக்கு வந்துவிட்டது, அழுத்தினால் ஊரைக் கூட்டும் மணியும் வந்துவிட்டது. ஒன்றாம் தேதி முதல் உன் மருமகள் புதுக் கிளைக்குப் பொறுப்பாளர்!

இனி அவள் வேலையில் தலையிடமாட்டேன் என்று கையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறேன். அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடியில்லாமல் நூறு வயது இருக்கட்டும். திட்டுவதற்கும் பாராட்டுவதற்கும் உனக்குப் பூரண உரிமை உண்டு.

உன் திருந்திய தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மகள் போன் செய்தாள். புதுக் கிளையில் மேல்தட்டுக்குப் பெட்டி அடுக்க அவளே ஏணியில் ஏறுகிறாளாம். ஏணியை யார் பிடித்துக்கொள்கிறார்கள் என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள். தலையிடவெல்லாம் இல்லை அக்கா, மேலாளரிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன். அவளிடம் சொல்லிவிடாதே.