வானத்துக்குத் தெரியாத கல்யாணம்

மணிலா
9 மே 2024

மதிப்புக்குரிய பெர்லிங் சித்திக்கு,

தங்கள் கையை எடுத்து என் நெற்றியில் ஒற்றிக்கொண்டதாகப் பாவித்து நெரிஸ்ஸா எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே தங்கள் முழங்காலும், இஸ்கோ சித்தப்பாவின் சர்க்கரையும், பார்லருக்குப் புதிதாக வாங்கிய ஹேர் டிரையரும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

விசா நேர்காணலில் நான் என்ன சொன்னேன் என்று கேட்டு நேற்றிலிருந்து பதினான்கு முறை போன் செய்திருக்கிறீர்கள். எடுக்காததற்கு மன்னியுங்கள். உங்கள் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கும்; தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அத்தனை பெண்களும் என் பதிலுக்கு அபிப்பிராயம் சொல்வார்கள். அதனால்தான் கடிதம். என்ன சொன்னேன் என்பதற்கு முன்னால், என்ன சொல்லவில்லை என்று எழுதிவிடுகிறேன். கல்யாணத்துக்கு நூற்றிருபது பேர் வந்தார்கள் என்று சொல்லவில்லை. இரண்டு பன்றி வறுத்தோம் என்று சொல்லவில்லை. கடற்கரையில் அர்னெல் மண்டியிட்டு மோதிரம் நீட்டினான், நான் தேம்பி அழுதேன் என்று சொல்லவில்லை. தேம்பும் இடத்தைத் தாங்கள் மூன்று நாள் பயிற்சி கொடுத்தும் சொல்லவில்லை. அவன் கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பான் என்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அதை அங்கே யாரும் கேட்கவேயில்லை. உலகத்திலேயே அதைக் கேட்ட ஒரே அதிகாரி தாங்கள்தான்.

இந்தக் கடிதத்தைத் தாங்கள் படகேறிப் போய் அம்மாவிடம் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. காரணம் கடைசியில் வரும். அம்மாவுக்கு எதையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்பதால் தங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 பிப்ரவரியில் நோயல் அண்ணனுக்குக் கல்யாணம். மாதா கோவில், முந்நூறு பேர், நான்கு பன்றி, மூன்றடுக்கு கேக். அதே வருஷம் நவம்பரில் அர்னெல் அலாஸ்காவில் மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையிலிருந்து பத்தொன்பது நாள் விடுப்பில் வந்தான். அதற்குள் கல்யாணம் பதிவானால்தான் என்னை அங்கே அழைத்துக்கொள்ள மனுப் போட முடியும். அம்மா முடியவே முடியாது என்றாள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரே வருஷத்தில் கல்யாணம் செய்துகொண்டால் ஒருவருடைய அதிர்ஷ்டத்தை மற்றவர் தின்றுவிடுவார். அதிலும் நோயல் கப்பலில் வேலை பார்ப்பவன். "கடல்ல கெடக்கற புள்ளையோட அதிர்ஷ்டத்துல கை வைக்கச் சொல்றியா?" என்று அம்மா கேட்டபோது, படித்த புத்தகம் எதுவும் எனக்குக் கைகொடுக்கவில்லை. இரண்டு நாள் யோசித்து அவளே ஒரு வழி சொன்னாள். "நீதிபதி ரூம்ல போடற கையெழுத்து கல்யாணம் இல்ல, வெறும் காகிதம். ஆனா வானத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதனால அதுக்குத் தெரியாம முடிச்சிட்டு வாங்க. ஜனவரி பொறந்ததும் கோவில்ல வெச்சுக்கலாம்."

வானத்துக்குத் தெரியாமல் என்றால், புதுத் துணி கூடாது, மோதிரம் கூடாது, போட்டோ கூடாது, விருந்து நூடுல்ஸான பன்சித் கூடவே கூடாது. சந்தைக்குப் போகிற மாதிரி போய், சந்தையிலிருந்து வருகிற மாதிரி வந்து, பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைய வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வர நிஜமாகவே சந்தைக்குப் போனோம். என் கையில் ஒரு கிலோ மீன், அர்னெல் தோளில் பத்துக் கிலோ அரிசி. நீதிபதி எங்களைப் பார்த்து, "கல்யாணப் பொண்ணு மாப்பிள்ளை எங்கம்மா?" என்று கேட்டார். "நாங்கதான் சார்." அவர் மீனைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், "சரி, சீக்கிரம் முடிச்சிருவோம்" என்றார். சாட்சிக் கையெழுத்துப் போட்டது பக்கத்து அறை குமாஸ்தாவும், எங்களை ஏற்றிவந்த டிரைசிக்கிள் ஓட்டுநரும். ஜனவரியில் கோவில் கல்யாணம் என்றோம். அர்னெலுக்கு அந்த ஜனவரியிலும் விடுப்பில்லை, அடுத்த ஜனவரியிலும் இல்லை. கல்யாணமாகிப் பதினெட்டு மாதம், சேர்ந்திருந்தது அந்த நவம்பரில் மிச்சமிருந்த பன்னிரண்டு நாள். இந்த விசா கிடைக்காவிட்டால் கணக்கு அந்தப் பன்னிரண்டோடு நின்றுவிடும்.

இப்படியிருக்கையில்தான் அமெரிக்கத் தூதரகத்திலிருந்து பட்டியல் வந்தது. திருமணப் புகைப்படங்கள், விருந்தினருடன் எடுத்த படங்கள், குடும்பத்தாருடன் எடுத்த படங்கள், தம்பதியர் பேசிக்கொண்டதற்கான ஆதாரம். அம்மா தங்களுக்குப் போன் செய்தாள். சுற்றுலா விசாவுக்கு மூன்று முறை போய் மூன்று முறையும் மறுக்கப்பட்டவர் என்பதால், நம் குடும்பத்தில் இந்த விஷயத்தில் அனுபவசாலி தாங்கள் ஒருவர்தான். தாங்களும் பார்லரின் சுழல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அதிகாரியாக மாறினீர்கள்.

"உன் புருஷனுக்குப் பிடிச்ச கலர் என்ன?"

"தெரியாது சித்தி."

"தெரியாதா? ரிஜெக்ட்! அடுத்தது. அவன் உன்னை என்னன்னு கூப்பிடுவான்?"

"நெரிஸ்ஸான்னுதான்."

"ஏண்டி, புருஷன் பொண்டாட்டியப் பேர் சொல்லியா கூப்பிடுவான்? வெள்ளைக்காரி நம்புவாளா? தேனே, பாலேன்னு ஏதாவது சொல்லு!" நகத்துக்குப் பூச்சு உலர்த்திக்கொண்டிருந்த ஒருத்தி, "சக்கரக்கட்டின்னு சொல்லச் சொல்லுங்க அக்கா" என்றாள். தாங்கள் அதையும் குறித்துக்கொண்டீர்கள். பிறகு எங்கள் உரையாடல்களை அச்செடுத்த காகிதக் கட்டைப் பிரித்து நான்கு பக்கம் படித்துவிட்டு, "இதுல காதல் எங்கடி இருக்கு? பூராவும் மழையா, மீன் வந்துச்சா, அந்தக் கதையில அடுத்து என்னாச்சுன்னே இருக்கு" என்று உதட்டைப் பிதுக்கினீர்கள். சித்தி, அவனுடைய சாப்பாட்டு இடைவேளையில் நான் போனில் நாவல் வாசித்துக் காட்டுவேன். பதினெட்டு மாதத்தில் ஏழு நாவல். மணி அடித்து அவன் பாதியில் ஓட வேண்டிவந்தால், கையுறையைக் கழற்றியதும் முதலில் கேட்பது அடுத்து என்னாச்சு என்றுதான். அதைத் தங்களிடம் நான் அன்றைக்கு விளக்கவில்லை. பார்லரில் ஆறு பேர் இருந்தார்கள்.

அடுத்து ஆல்பம். படம் இல்லாவிட்டால் எடுத்துவிடுவோம் என்றீர்கள். மாப்பிள்ளை அலாஸ்காவில் இருக்கிறானே என்றேன். பரீட்சையில் தேறினால், பிறந்தநாள் வந்தால், நாய் காணாமல் போனால்கூட பிளெக்ஸ் அடிக்கிற ஊரில் அதற்கா பஞ்சம்? பேஸ்புக்கிலிருந்து அர்னெலின் படத்தை எடுத்து ஆள் உயரக் கட்அவுட் அடித்தீர்கள். என்ன உயரம் என்று கடைக்காரன் கேட்டதற்கு, "மாப்பிள்ளைன்னா கொஞ்சம் எடுப்பா இருக்கட்டும்" என்றதன் விளைவாக, என் காதளவு உயரமுள்ள என் கணவன் ஆறே கால் அடியில் வந்து இறங்கினான். பனிக்கால அங்கியைக் கணினியில் கழற்றிவிட்டு வெள்ளைக் கல்யாணச் சட்டை மாட்டிவிட்டார்கள். கையிலிருந்த சால்மன் மீனை மட்டும் எடுக்க வரவில்லை. அதன் மேல் பூங்கொத்து ஒட்டினோம். ஆறாவது படத்தில் ரோஜாக்களுக்கு நடுவே வால் தெரிகிறது. கட்அவுட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்ட இஸ்கோ சித்தப்பாவின் விரல்கள் இடுப்பில் தெரிவதால், எண்ணிப் பார்த்தால் மாப்பிள்ளைக்கு மூன்று கை. இதெல்லாம் போகட்டும். எல்லோரும் சேர்ந்து நிற்கும் பெரிய படத்தில், 2022 நவம்பர் என்று எழுதிய பேனருக்குக் கீழே, நோயல் அண்ணனின் மகன் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறான். அவன் பிறந்தது 2023 மார்ச். "கொழந்தைய எவ பாக்கப் போறா?" என்றீர்கள்.

நடந்த கல்யாணத்துக்கு ஊருக்குக் காட்டப் படம் இல்லை. நடக்காத கல்யாணத்துக்கு நாற்பது படம் இருக்கிறது. நேற்றுக் காலை அந்த ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் பெண்கள், ஒவ்வொருத்தி மடியிலும் ஒரு தடித்த ஆல்பம். பக்கத்திலிருந்தவள் உதடு அசைய, "பிடிச்ச கலர் நீலம், பிடிச்ச கலர் நீலம்" என்று ஜெபமாலை உருட்டுவதுபோல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஒரு சித்தி இருக்க வேண்டும்.

என் எண் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அம்மாள், பக்கத்தில் மொழிபெயர்க்க நம்மூர்ப் பெண் ஒருத்தி, சட்டையில் ஆர்செலி என்று பெயர் குத்தியிருந்தது. சத்தியம் செய்யக் கையைத் தூக்கச் சொன்னார்கள். கையைத் தூக்கியவுடன் ஆல்பம் கக்கத்திலிருந்து வழுக்கியது, பிடித்துப் பைக்குள் தள்ளினேன். அது பைக்குள் போனது என் முடிவா, கை போன போக்கா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. "கல்யாணப் போட்டோ?" என்று கேட்டார்கள். என் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்திருந்த ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தேன். அம்மாவுக்கும் தெரியாத படம். அன்று பின்வாசலுக்கு வெளியே அர்னெல் தன் போனை டிரைசிக்கிள்காரரிடம் கொடுத்து எடுக்கச் சொன்னது. நான் மீனோடு, அவன் அரிசியோடு, இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறோம்.

அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்தாள். "இது சந்தைக்குப் போய்ட்டு வந்த படமா?"

"கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்த படம்."

"விருந்தாளிங்க?"

"யாரும் இல்ல."

"பேஸ்புக்ல பாத்தோம், உங்க அண்ணன் கல்யாணம் ஊரறிய நடந்திருக்கு. உங்களுது மட்டும் ஏன் ஒளிச்சு நடந்துச்சு?"

சொன்னேன். வானம், அதிர்ஷ்டம், மீன், எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல எனக்கே பொய்மாதிரி இருந்தது. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆர்செலி பக்கம் திரும்பினாள். "இப்படி ஒண்ணு நிஜமாவே இருக்கா?"

"இருக்கு மேடம். எங்க வீட்லயே என் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளி வெச்சாங்க."

"ஒரே வருஷத்துல ரெண்டு கல்யாணம் நடந்தா என்ன ஆகும்?"

ஆர்செலி கொஞ்சம் யோசித்தாள். "தெரியாது மேடம். எங்க ஊர்ல யாரும் பண்ணிப் பாத்ததில்ல."

அதற்குப் பிறகு அந்த அம்மாள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். காகிதக் கட்டைப் புரட்டி, "பிப்ரவரி மூணாந்தேதி அவரு கேக்கறாரு, அந்தக் கதையில கெழவன் வீட்டுக்குத் திரும்பினானான்னு. திரும்பினானா?" என்றாள். "திரும்பிட்டான், ஆனா கதவு பூட்டியிருந்துச்சு" என்றேன். அவள் ஏதோ எழுதிக்கொண்டு, ஒரு மஞ்சள் தாளை வெளியே தள்ளினாள்.

சித்தி, இதற்காகத்தான் இவ்வளவும். மஞ்சள் தாள் என்றால் மறுப்பும் இல்லை, அனுமதியும் இல்லை. அறுபது நாளுக்குள், என் கல்யாணம் 2022 நவம்பரில் உண்மையாகவே நடந்தது, அதை மறைத்து வைக்கச் சொன்னது தான்தான் என்று அம்மா நோட்டரி முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். இன்ன வருஷம், இன்ன மாதம் என்று முத்திரை வைத்து எழுதினால் வானத்துக்குத் தெரியாமல் இருக்குமா? ஜூனில் நோயல் மறுபடி கப்பலேறுகிறான். அம்மா போடமாட்டாள். போனில் சொன்னேன், "ரெண்டு புள்ளையில ஒண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். தாங்கள் பாக்கோலோதிலிருந்து இலோய்லோவுக்குப் படகேறிப் போய்ப் பேசினால்தான் நடக்கும். அழ வேண்டிய இடத்தில் அழுங்கள், அதில் தங்களுக்கு என்னைவிடப் பயிற்சி அதிகம்.

தங்கள் பார்லரில் நாற்காலி ஒன்றும் காலியாக இராமலும், சித்தப்பாவுக்கு இனிப்பு கண்ணில் படாமலும் குழந்தை ஏசு சாந்தோ நீனோ காக்கட்டும். ஆல்பம் பத்திரமாக இருக்கிறது, திருப்பித் தந்துவிடுகிறேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள (நேற்று தவிர),
நெரிஸ்ஸா

பி.கு. (இலோய்லோ, 14 ஜூன்): இந்தக் கடிதத்தை நான் அனுப்பவில்லை. புத்தகத்துக்குள் வைத்து மறந்து, வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். மேலே எழுதியது எதையும் அம்மாவிடம் வாசிக்க வேண்டாம், அதற்குத் தேவையில்லாமல் போய்விட்டது. மே கடைசியில் அம்மா எழுதாத காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் அழுதுகொண்டிருந்தாள். மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்த நோயல் அண்ணன், "அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவப்படாத" என்றான். கப்பல் கம்பெனியில் மனைவி பேரைச் சேர்க்க வேண்டியிருந்ததால், அவர்கள் கோவில் கல்யாணத்துக்கு முன்னாலேயே, 2021 டிசம்பரில், நீதிபதி அறையில் கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம்.

அம்மா அழுகையை நிறுத்தினாள். "என்ன உடுத்திட்டுப் போனீங்க?"

"சும்மா... சந்தைக்குப் போற மாதிரிதான்."

அம்மா விரல் விட்டு எண்ணினாள். "நீதிபதி ரூம்ல நடந்தது கல்யாணம்னா, உனக்கு ரெண்டாயிரத்து இருபத்தொண்ணுலயே ஆயிடுச்சு, இவளுக்கு இருபத்திரெண்டுல. அது கல்யாணம் இல்லன்னா, இவளுக்கு இன்னும் ஆகவே இல்ல." மறுபடி எண்ணினாள். எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் இரண்டும் மோதவில்லை. பதினெட்டு மாதம் நாங்கள் எதை மறைத்தோமோ, அதை மறைக்கக் காரணமே இருந்திருக்கவில்லை. அம்மா பேனாவை எடுத்தாள்.

நேற்று கூரியரில் பாஸ்போர்ட் வந்தது. உள்ளே விசா ஒட்டியிருந்தது. அம்மா பன்சித் செய்து, தெருக்கதவைத் திறந்து வைத்துப் பரிமாறினாள்.