ராஜினாமா செய்யாத கான்சல்

தபால்காரரைக் கண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும் தூதரக அதிகாரி உலகத்திலேயே ஒருவர்தான். அவர் டெக்சாஸ் ரிச்சர்ட்சனில், என் மகள் வித்யாவின் அபார்ட்மெண்டுக்குக் கீழ்வீட்டில் இருந்தார். போலந்துக்காரர், எண்பத்தைந்து வயது. எல்லோருக்கும் 'கான்சல் அங்கிள்'.

அமெரிக்காவிலிருந்த போலந்துத் துணைத் தூதரகத்தில் விசா கொடுத்துக்கொண்டிருந்தவர். எண்பத்தொன்றில் போலந்தில் ராணுவச் சட்டம் வந்ததும், சாப்பிடப் போவதாகச் சொல்லி வெளியேறி அடைக்கலம் கேட்டுவிட்டார். எழுந்துபோகும்போதெல்லாம் ஆபீஸ் முத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது அவர் வழக்கம். அன்றும் போட்டுக்கொண்டார். ஓடிப்போனது ஒரு குற்றம், முத்திரை இன்னொரு குற்றம். அங்கே அவர் இல்லாமலே விசாரித்துச் சிறைத் தண்டனை எழுதினார்கள்.

அந்த ஆட்சி கவிழ்ந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. கான்சல் நம்பவில்லை. பீட்சா கொண்டுவருபவரிடம்கூட அடையாள அட்டை கேட்பார். அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கவில்லை.

"ஒரு நாட்டுக் கான்சல் இன்னொரு நாட்டுக் குடிமகன் ஆக முடியுமா? நான் இன்னும் ராஜினாமா குடுக்கலையே!" என்பார். ஆங்கிலம் அவருடையது, தமிழ் என்னுடையது. சென்னை பாஸ்போர்ட் ஆபீசில் முப்பத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் நான். விதிப்படி அவர் சொன்னதில் குற்றம் காண முடியவில்லை.

இந்த வருடம், போலந்திலிருக்கும் அவருடைய தொண்ணூறு வயது அக்காவிடமிருந்து கடிதம். கண் மூடுவதற்குள் ஒருமுறை வந்துவிட்டுப் போ என்று. போக பாஸ்போர்ட் வேண்டும். அதற்குப் போலந்துத் துணைத் தூதரகத்துக்குள் நேரில் போக வேண்டும்.

"உள்ள கால் வெச்சா அமெரிக்கப் போலீஸ்கூட வர முடியாது. ஆட்சி மாறும். ஃபைல் மாறுமா?" என்றார் கான்சல்.

ஃபைல் மாறாது என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். செத்த ஃபைல்களைத் தூசி தட்டி எடுத்து எத்தனை பேரை நானே அழவைத்திருக்கிறேன்!

வித்யாவுக்கு வேறு பயம். "அப்பா, எங்க க்ரீன் கார்டு இன்னும் பெண்டிங். நீங்க பாட்டுக்கு ஒரு ஸ்பை கூட சுத்தாதீங்க."

"ஸ்பை இல்லடி, விசா ஆபீசர்."

"அத அவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க!"

ஆனாலும் லீவு போட்டு, தூதரகம்வரை நாலு மணி நேரம் அவளே டிரைவ் பண்ணினாள். ஃப்ரீவேயில் பின்னால் ஒரு வெள்ளை வேன். கான்சல் லேன் மாறச் சொன்னார். வேனும் மாறியது. "ஐயோ அப்பா, நிஜமாவே ஃபாலோ பண்றாங்க!" என்று அலறினாள். வேன் எங்களை முந்திப் போனபோது பார்த்தோம்: குழாய் ரிப்பேர்க்காரர்.

நான் வரைந்த கடிதம் இரண்டு பிரதிகள்: 'முத்திரை ஒன்று, நல்ல நிலையில், திருப்பி ஒப்படைக்கப்படுகிறது.' கூடவே ராஜினாமா. தூதரகக் கவுண்டரில் இருந்த பெண் பெயரைப் பார்த்தாள், முத்திரையைப் புரட்டினாள், இரண்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பத்து நிமிடம். கான்சல் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் வெளிய வரலைன்னா அக்காவுக்கு எழுதிடு."

நரைத்த அதிகாரி ஒருவர் வந்தார். முத்திரைக்கு ரசீது கொடுத்தார், பழைய தண்டனை எப்போதோ ரத்தாகிவிட்டது என்றார். பிறகு நிமிர்ந்து நின்று, "மிஸ்டர் கான்சல், ராஜினாமாவை ஏத்துக்க எனக்கு அதிகாரம் இல்ல. பாஸ்போர்ட் ஃபாரத்த நானே வாங்கிக்கறேன்" என்றார்.

அந்த மரியாதைச் சொல்லைக் கேட்டதும் கிழவர் தேம்பித் தேம்பி அழுதார். ஃபாரத்தை நான்தான் பூர்த்தி செய்தேன்.

போன மாதம் விமானம் ஏறினார். 'அக்கா கதவைத் திறந்தாள். மெலிந்துவிட்டாயே என்று திட்டினாள்' என்று ஒரு செய்தி அனுப்பியிருந்தார். திரும்பி வர டிக்கெட் போட்டுவிட்டாரா என்று கேட்க, இப்போது எனக்குத்தான் பயமாக இருக்கிறது.