மூன்றாம் மாடிச் சீட்டுக்கட்டும் நாளைய சந்தையும்

"பொருளாதாரத் தடைங்கிறது பங்குச் சந்தைக்கு ஒரு தும்மல். தும்மி யாரும் செத்ததில்ல" என்றான் வெனியமின், கட்லெட்டை முள்கரண்டியால் குத்தியபடி.

மாஸ்கோ நாளிதழ் ஒன்றில் தினமும் 'நாளைய சந்தை' என்ற பத்தி எழுதுபவன் சொன்னால் மறுக்க முடியுமா? போர் தொடங்கிய வாரம் அது. வீடு வாங்க அவனும் மனைவி தைசியாவும் சேர்த்த பணம் முழுக்க ஒரு வங்கியின் பங்குகளில் இருந்தது. தும்மலில் அது பாதியாகியிருந்தது.

"மூணாவது மாடி ரிம்மா வித்துடச் சொல்றாங்க, வென்யா" என்றாள் தைசியா.

"சீட்டுக்கட்டைப் பரப்பிக் குறி சொல்ற கிழவியா? டைமன் ராஜா என்ன, மத்திய வங்கி கவர்னரா?"

"அவங்க சொன்னதெல்லாம் நடக்குதே!"

"குருட்டு அதிர்ஷ்டம். விலை விழுறப்பதான் வாங்கணும்."

மாமியார் பல் கட்ட வைத்திருந்த பணத்தையும் வாங்கிப் போட்டான். விலை இன்னும் விழுந்தது.

"உள்ளூர்லதானே தடை? பாதியை வெளிநாட்டுப் பங்குக்கு மாத்திடுவோம்" என்று மாற்றினான். அடுத்த தடை நேராக அங்கே போய் இறங்கியது. அந்தப் பாதியைத் தொடக்கூட முடியாமல் முடக்கிவிட்டார்கள்.

பிறகு பங்குச் சந்தையையே மூடினார்கள்.

"பாத்தியா? இன்னிக்கு ஒரு கோபெக் காசுகூட இறங்கல!"

"சந்தையே மூடிக் கிடக்கே!"

"அதைத்தான் சொல்றேன். நிலவரம் ஸ்திரமா இருக்கு."

சந்தை இல்லாத ஊரில் 'நாளைய சந்தை' எதற்கு? நாளிதழ் பத்தியை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் பீட்ரூட் சூப் செய்முறை போட்டது. வாசகர்களிடமிருந்து முதன்முறையாகப் பாராட்டுக் கடிதங்கள் வந்தன.

சில வாரம் கழித்து, மறுநாள் சந்தை திறக்கும் என்று அறிவிப்பு வந்தது.

"விக்கணுமா, வெச்சுக்கணுமா, முடிவு பண்ணு" என்றாள் தைசியா. "இதுவும் தப்பாப் போச்சுன்னா நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு எங்கம்மா ஊர் ரியாசானுக்கே போயிடுவேன். பல்லில்லாத அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்ச ஆள் வேணும்."

வெனியமின் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான். மூன்றாம் மாடியில் நின்றான். படிக்கட்டில் மேலும் கீழும் பார்த்துவிட்டு மணியை அழுத்தினான்.

ரிம்மா காஸ்பரோவ்னா கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தேநீர் ஊற்றினாள். சீட்டுக்கட்டை மட்டும் எடுக்கவில்லை.

"ஒரு சின்ன விஷயம்" என்றான், குப்பைப் பையை மடியில் வைத்துக்கொண்டு. "விக்கலாமா, வெச்சுக்கலாமா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நாளைக்கு ஏறும். அதுல சந்தேகமே இல்ல."

"அப்பாடா! அப்ப வித்துடுங்க" என்று ரிம்மா பெருமூச்சு விட்டாள். "தினமும் உங்க பத்தியைப் படிச்சு, அதுக்கு நேர்மாறாத்தானே எல்லாருக்கும் சொல்லிக்கிட்டிருந்தேன், அதை நிறுத்துனதிலிருந்து என் பொழப்பே படுத்துடுச்சு!"