பூஜையில் வைத்த மூன்றாம் பாகம்

ஒரு நகரத்தின் நாகரிகத்தை அளக்க, அது கோடையில் என்ன படிக்கிறது என்று பார்த்தால் போதும். இந்தப் பேருண்மையை உலகத்தில் முதலில் கண்டுபிடித்த ஊர் திருச்சிராப்பள்ளி. ஆண்டு 1959, மாதம் சித்திரை, இடம் மலைக்கோட்டை அடிவாரத்து வாசகசாலையின் மின்விசிறிக்குக் கீழே. மின்விசிறி சுழலவில்லை. ஆனாலும் அதன் கீழே 'கோடைக்கால நற்கலைப் பரிந்துரைக் குழு' உதயமாயிற்று.

தலைவர் ஸ்ரீரங்கத்து அழகியமணவாளன். சர்க்கார் ஆபீசில் பழைய காகிதக் கட்டுகளைக் காக்கும் பிரிவில் ஆயுள் முழுக்க இருந்து, ஒரு கட்டைக்கூட யாரும் அவிழ்க்க விடாமல் ஓய்வு பெற்றவர். பொருளாளர் பெரிய கடைவீதியில் கைலிக்கடை நடத்திய பரக்கத் அலி. காரியதரிசி வீரமலை. பகலில் ஜவுளிக்கடையில் வேலை, மாலையில் டைப்ரைட்டிங் வகுப்பு, அதற்குப் பிறகு டைரி. அன்றன்று செய்த தவறுகளை வரிசையாக எழுதுவான். தவறு ஒன்றும் அகப்படாத நாளில், 'எது தவறு என்று இன்று புரியவில்லை' என்று எழுதுவான். இப்படி ஒரு காரியதரிசி கிடைப்பது எந்தக் கமிட்டிக்கும் பூர்வ புண்ணியம்.

எந்த நூல்களைப் பரிந்துரைக்கலாம் என்ற பேச்சு வந்தபோது, படித்துப் பார்த்துச் சொல்லலாமா என்று வீரமலை கேட்டுவிட்டான். படித்தால் பாரபட்சம் வந்துவிடும் என்று தலைவர் பொறுமையாக விளக்கினார். ஆகவே அட்டையின் கனத்தைப் பார்த்து நான்கு நூல்கள் 'ஏகமனதாக' ஏறின. ஐந்தாவதற்கு வீரமலை ஒரு நாவலைச் சொன்னான். மூன்று பாகம். அவன் அக்கா பொன்னுத்தாய் இரண்டு பாகம் படித்து முடித்திருந்தாள். அவள் அதைப் படிக்கிற நாளில் வீட்டில் சோறு குழைந்துபோகும் என்பதையும் சொன்னான்.

"சோறு குழைஞ்சா நல்ல புஸ்தகம்தான்" என்று பரக்கத் அலி கை தூக்கினார். பட்டியலின் இசைப் பிரிவுக்கு அவரே தம் வீட்டு கிராமபோனையும் இசைத்தட்டுகளையும் இரவல் தந்தார்.

நல்ல காரியத்தைப் பூஜையோடு தொடங்க வேண்டும் என்றார் தலைவர். மணைப்பலகை போட்டுப் பட்டு விரித்து நூல்களை அடுக்கினார்கள். கிராமபோனுக்கும் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம். பூஜையில் வைத்த புத்தகத்தை மறுபூஜை ஆகிற வரை யாரும் திறக்கக் கூடாது. சரஸ்வதி பூஜையன்று விளையாடக் கிளம்பும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். மறுபூஜை செய்து திறந்துவைக்க ஒரு பிரமுகரை அழைத்திருந்தார்கள். அவரிடமிருந்து தந்தி வந்தது. கோடை வெயில் தாங்காமல் அவர் கொடைக்கானலில் இருந்தார். கோடை முடிந்ததும் வந்து கோடைப் பரிந்துரைகளைத் திறந்துவைப்பதாகத் தெரிவித்திருந்தார். குழு நன்றித் தீர்மானம் நிறைவேற்றியது.

வாசகசாலை அதுவரை காணாத கூட்டத்தைக் கண்டது. பரீட்சை எழுதிய பிள்ளைகள் ரிசல்ட் வருகிற வரை நூல்களை வலம் வந்தார்கள். தொட்டியத்துக்காரர் ஒருவர் வாழைத்தார் கொண்டுவந்து வைத்தார். படிப்பு இவ்வளவு வேகமாக வளர்ந்ததில்லை என்று அறிக்கையில் எழுதச் சொன்னார் தலைவர்.

வீரமலை வீட்டில் மட்டும் வளர்ச்சி இல்லை. பொன்னுத்தாய்க்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீடு வையம்பட்டிப் பக்கம். அங்கே அச்சடித்த எழுத்து என்றால் உரமூட்டையின் மேல் இருப்பதுதான். போவதற்குள் மூன்றாம் பாகத்தை முடித்துவிட வேண்டும் என்பது அவளுடைய ஒரே சீர்வரிசை ஆசை.

"நல்ல புஸ்தகம்னு உன்னை யாருடா சொல்லச் சொன்னா?" என்றாள்.

"கமிட்டியில கேட்டாங்கக்கா."

"கெட்ட புஸ்தகம்னு சொல்லித் தொலைச்சிருந்தா அது பாட்டுக்கு அலமாரியில கெடந்திருக்கும். நான் எடுத்துப் படிச்சிருப்பேன்."

வீரமலை தலைவரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தான். அக்கா ஒரே ஒரு பாகம் பாக்கி வைத்திருக்கிறாள், கதாநாயகி என்ன ஆனாள் என்று தெரியாமல் புக்ககம் போகிறாள் என்றான்.

"நான் அதுல ஒரு பாகம்கூடப் படிச்சதில்லை. எனக்கு ஏதாவது குறைஞ்சு போச்சோ?" என்று கேட்டார் தலைவர்.

வீரமலைக்குப் பதில் தெரிந்திருந்தது. ஆனால் அவன் மரியாதை தெரிந்த காரியதரிசி.

முகூர்த்தத்துக்கு நாலைந்து நாள் இருக்கையில், ஒரு பிற்பகல், பெண்கள் கூட்டத்தோடு பொன்னுத்தாயும் தரிசனத்துக்கு வந்தாள். மணைக்கு எதிரே உட்கார்ந்தாள். மூன்றாம் பாகத்தை எடுத்து, முந்தானையால் சந்தனத்தைத் துடைத்து, பிரித்தாள். பக்கத்திலிருந்த இருசம்மாள், என்ன போட்டிருக்கிறது, எங்களுக்கும் சொல்லு என்றாள். பொன்னுத்தாய் வாய்விட்டுப் படித்தாள். பாராயணம் நடக்கிறது என்று நினைத்து ஜனம் உட்கார்ந்தது. கடைக்கு லீவு சொல்லிவிட்டு வாசலில் காவல் இருந்த வீரமலை, தடுப்பது தவறா, தடுக்காதது தவறா என்று யோசித்தான். முடிவுக்கு வருவதற்குள் கதை பாதி ஓடிவிட்டது.

ஸ்ரீரங்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அழகியமணவாளன் என்ன இது என்று வாய் திறந்தார்.

"சித்த இருங்க சாமி. அந்தப் பொண்ணு கெணத்தடிக்குப் போயிட்டா" என்று அடக்கினாள் இருசம்மாள்.

தலைவர் இருந்தார். பெண் கிணற்றடியிலிருந்து திரும்பி வரும்வரை மூச்சுவிடாமல் இருந்தார். அவள் நல்லபடியாக வீடு சேர்ந்து, கதையும் முடிந்த பிறகுதான் தாம் தலைவர் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

"நைவேத்தியத்தை முன்னாடியே ருசி பார்த்தா அதுக்குப் பேர் எச்சில். இந்தப் புஸ்தகம் எச்சிலாயிடுத்து. இனி பரிந்துரைக்கு ஆகாது. மூணு பாகத்தையும் வெளியே கொண்டு போங்கோ" என்றார்.

"சரிங்க" என்று மூன்றையும் இடுப்பில் அணைத்துக்கொண்டாள் பொன்னுத்தாய். வையம்பட்டிக்குப் போன சாமான்களில் தலையணை உறைக்குள் போனவை அவைதான்.

இதைக் கேள்விப்பட்ட பரக்கத் அலி மறுநாள் காலையிலேயே வந்து, கிராமபோனில் ஊசியை வைத்து ஒரு தட்டு முழுக்க ஓடவிட்டார். வீதி முழுக்கக் கேட்டது. "சாமி, நானும் எச்சில் பண்ணிட்டேன். வீட்டுல சாரா பீவி பாட்டு இல்லாம என்னோடயே பேசிட்டிருக்கா. பொட்டியை எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டார். குழுவிடம் ஆட்சேபிக்க விதி இல்லை.

இனியும் இப்படி நேர்ந்தால் என்ன ஆவது? தலைவர் அவசரக் கூட்டம் கூட்டி ஓர் உறுதிமொழி தயாரித்தார். முதல் மழை பெய்த மறுநாள் பிரமுகர் மலையிலிருந்து இறங்கி வந்து மாலை வாங்கிக்கொண்டதும், தலைவர் மீதி நான்கு நூல்களின் மேல் கை வைத்து, கணீரென்ற குரலில் வாசித்தார்:

"இந்நூல்கள் முற்றிலும் தூய்மையானவை. இவற்றைப் பரிந்துரைத்த எங்களில் ஒருவரும் இவற்றை ஒருபோதும் திறந்ததில்லை என்று ரங்கநாதன் சாட்சியாகச் சொல்கிறோம்."

கரகோஷம் நெடுநேரம் நீடித்தது. திருச்சியில் அதுவரை வெளியான நூல் மதிப்புரைகளில் ஒரு சொல்கூடப் பொய் இல்லாதது அது ஒன்றுதான்.