கொலையாளி யாரென்று கேட்காதவர்

துப்பறியும் கதை படிப்பவர்களில் ஒரு தனி இனம் உண்டு. கொலை செய்தது யார் என்பதைப் பற்றி அவர்களுக்குக் கவலையே கிடையாது. நூறு வருஷத்துக்கு முந்தைய மாளிகை ஒன்றில், கம்பளத்தின் மேல் ஒரு மனிதர் குத்துப்பட்டுக் கிடப்பார். நீங்களும் நானும் கத்தியைப் பார்ப்போம், ஜன்னலைப் பார்ப்போம், மருமகனைச் சந்தேகிப்போம். இவர்கள் கம்பளத்தைப் பார்ப்பார்கள். அது எங்கே நெய்தது, எப்படி வந்தது, அதன் பெயருக்கு அகராதி என்ன சொல்கிறது என்று தேடிக் குறித்துக்கொண்டு நிமிர்வதற்குள், கதையில் இன்னும் இரண்டு பேர் செத்திருப்பார்கள்.

அடையாளம் காண்பது சுலபம். காதில் பென்சில், மடியில் நோட்டு, ஆறு மாதமாக ஒரே நாவல். “கதை எப்படி?” என்று கேட்டுப் பாருங்கள். “பிரமாதம்! அந்தக் காலத்துல தபால்காரர் ஒரே நாள்ல பல தடவை வருவாராம், தெரியுமா? காலைல போட்ட கடுதாசிக்குச் சாயங்காலம் பதில் வந்துடும்!” என்பார்கள். செத்தது யார்? அது நினைவில்லை.

நாம் பார்க்கப் போகிறவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வாடிக்கையாளரின் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, “இப்பத் தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?” என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் ஒரு கண்ணுக்கு மட்டும் வைக்கும் ஒற்றைக் கண்ணாடியின் கதைக்குப் போய்விடுவார். அந்தக் காலத்துக் கனவான்கள் அதைக் காதில் மாட்டாமல், கண்குழியின் தசையாலேயே கவ்விப் பிடித்துக்கொண்டிருந்த வித்தையை அவர் நடித்துக் காட்டி முடிக்கும்வரை, வாடிக்கையாளர் பாதிக் குருடாக உட்கார்ந்திருக்க வேண்டும். அவருடைய மைத்துனர் அவருக்கு வைத்த பெயர் ‘அடிக்குறிப்பு’. அது நிலைத்துவிட்டது.

அவருடைய மனைவி நேர் எதிர் இனம். அறுபதாம் பக்கத்தில் கொலையாளியைப் பிடித்துவிடுவார். மீதியைப் படிப்பது, கதை எழுதியவர் எங்கேயாவது தப்புப் பண்ணிவிட்டாரா என்று பார்க்கத்தான்.

அந்த அம்மாளுக்கு வயிற்றில் ஒரு கட்டி. என்ன கட்டி என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் ஆபரேஷன். முதல் நாள் மாலை நம்மவர் ஆஸ்பத்திரிக்கு மாற்றுத்துணி, பிளாஸ்க், மனைவி பாதியில் விட்டிருந்த நாவல், தன் நோட்டு, இரண்டு பென்சில், பொடி எழுத்து அகராதி எல்லாம் கொண்டுபோனார். ஒன்றைத்தான் மறந்தார்.

“ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறீங்க. என்னோடது எங்க?”

“அலமாரியிலதான் இருக்கு. நாளைக்கு...”

“நாளைக்கு நான் உள்ள போயிடுவேன். இன்னும் முப்பத்தெட்டு பக்கம். எட்டு மணிக்கு உங்களை விரட்டிடுவாங்க. அதுக்குள்ள நீங்களே படிச்சுச் சொல்லுங்க. இந்தத் தடவை எனக்கே புரியல. யாரு கொன்னான்னு தெரியாம நான் உள்ள போக மாட்டேன்.”

ஆறு மணிக்கு ஆரம்பித்தார். முதல் வரியில் சீமாட்டி மணிக்கயிற்றை இழுத்தாள். நின்றார்.

“இந்தக் கயிறு இருக்கே, இது சுவருக்குள்ள போற கம்பியோட சேர்ந்தது. கம்பி சமையற்கட்டு வரைக்கும் போகும். அங்க ஒவ்வொரு அறைக்கும் ஒரு மணி...”

“இழுத்தா. யாரு வந்தா?”

“அதான் சொல்ல வரேன். எந்த மணி ஆடுதுன்னு பாத்து...”

“யாருங்க வந்தா?”

“வேலைக்காரன்” என்றார், தோற்ற குரலில்.

பக்கத்துக் கட்டில் அக்காவுக்குப் பித்தப்பையை எடுத்து மூன்று நாள். “எனக்கு அந்தச் சமையல்காரி மேலதான் சந்தேகம்” என்றார் படுத்தபடியே. மருந்துப் பையை மாற்ற வந்த சிஸ்டர், மாற்றிய பிறகும் நின்றார். ஏழு மணிக்குப் பதினோரு பக்கம்தான் ஆகியிருந்தது. பச்சை வண்ணச் சுவர்த்தாள் ஒன்று வந்தது. அந்தப் பச்சைச் சாயத்தில் பாஷாணம் கலந்திருந்த கதையை நம்மவர் எடுத்தார்.

“சார், இவரு செத்தது சுவத்துல இருந்த விஷத்துலயா, காப்பியில இருந்த விஷத்துலயா?” என்றார் சிஸ்டர்.

“காப்பியிலதான். ஆனா அந்தச் சுவர்...”

“அப்பக் காப்பிக்கு வாங்க.”

ஒன்றைக் கவனித்தீர்களா? கதையில் ஒரு கடிதத்தின் மேல் வந்த முத்திரை அரக்குக்கு, வழக்கமாக இரண்டு வரியில் முடிப்பவர், அன்று பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டார். பக்கம் குறையக் குறைய விளக்கம் நீண்டது. கடிகாரத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஏன் என்று அவருடைய நோட்டில் குறிப்பு எதுவும் கிடையாது.

ஏழேமுக்காலுக்குக் கதையில் ஒருவன் குளோரோஃபார்ம் நனைத்த கைக்குட்டையோடு இருட்டில் நின்றான். நம்மவர் முகம் மலர்ந்தது.

“கதையில வர்ற மாதிரி உடனே மயக்கம் வராது, பல நிமிஷம் பிடிக்கும். அந்தக் காலத்துல டாக்டர்களே துணியில சொட்டுச் சொட்டா விட்டு, ஒரு குத்துமதிப்பாத்தான் கொடுப்பாங்க. எவ்வளவு தாங்கும்னு சரியாத் தெரியாது. அதனால மயக்கம் கொடுத்தவங்கள்ல கொஞ்சப் பேரு அப்படியே...”

அங்கேதான் நின்றார். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “சார்!” என்றார் சிஸ்டர்.

“அப்படியே?” என்றார் மனைவி.

“அது... அந்தக் காலத்துல.”

“நாளைக்கு எனக்கு மயக்கம் கொடுக்கப் போறவர் எந்தக் காலத்து ஆளுங்க?”

நம்மவர் நோட்டை மூடினார். பென்சிலைச் சட்டைப்பையில் போட்டார். வாழ்க்கையில் செய்யாத காரியமாக, நடுவில் இருந்த பக்கங்களையெல்லாம் தாவி, கடைசி அத்தியாயத்தைப் பிரித்தார். துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்திருந்தார். நம்மவர் படித்தார். தெரியாத மூன்று சொற்கள் வந்தன. மூன்றையும் விளக்கமில்லாமல் தாண்டினார். அதன் வலி அந்த இனத்துக்குத்தான் தெரியும்.

மனைவியின் கை வந்து பக்கத்தை மறைத்தது.

“போதும். மூடுங்க.”

“இன்னும் ரெண்டே பக்கம்! பேரைச் சொல்லப் போறாரு!”

“தெரியும். மிச்சத்த வந்து கேட்டுக்கறேன். அதுவரைக்கும் நீங்களும் பாக்கக் கூடாது.”

“எனக்கென்ன? நான் என்னைக்காவது யாருன்னு கேட்டிருக்கேனா?”

மறுநாள் காலை, கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிய, நம்மவர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நோட்டு வீட்டில். சட்டைப்பையில் மனைவியின் கண்ணாடி. கையில் நாவல், அதற்குள் ஒரு விரல். ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டு போயிற்று. நாற்பது வருஷமாகத் துப்பறியும் கதை படிக்கும் மனிதருக்கு, முதல் தடவையாக, கொன்றது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. தவித்துப்போனார்.

“பாத்துடுங்களேன் மாமா, யாருக்குத் தெரியப் போகுது?” என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மைத்துனர்.

“சும்மா இருடா. நான் பாத்துட்டா அவ எதுக்கு வருவா?”

மைத்துனர் அதற்குப் பிறகு அவரை அடிக்குறிப்பு என்று கூப்பிடவில்லை. அன்றைக்கு மட்டும்.

பிற்பகலில் அந்த அம்மாள் கண் திறந்தார். வாய் குழறியது. “யாரு?” என்றார்.

வந்து நிற்பது யார் என்று கேட்பதாக நினைத்து, “உங்க வீட்டுக்காரர்மா” என்றார் சிஸ்டர். நம்மவருக்குத் தெரியும். விரல் இருந்த இடத்தில் புத்தகத்தைப் பிரித்தார். வரியின் முதல் சொல், அவர் பிறந்ததிலிருந்து கண்டிராத சொல். வாய் திறந்தது. மனைவியைப் பார்த்தார். அடுத்த சொல்லைப் படித்தார்.

இனி உங்கள் சமாச்சாரம். கட்டி என்ன ஆயிற்று என்று முதலில் கேட்டீர்களானால், பயப்பட ஒன்றுமில்லாத கட்டி. அந்த அம்மாள் சௌக்கியம். கொலையாளி யார் என்று கேட்டீர்களானால், சமையல்காரி அல்ல. பக்கத்துக் கட்டில் அக்காவுக்குத் தோல்வி. அதுவும் மன்னிக்கக்கூடிய கேள்விதான். ஆனால் அந்த முதல் சொல் என்ன என்ற கேள்வி உங்கள் நாக்கு நுனியில் நிற்கிறதா? கை தானாகப் பென்சிலைத் தேடுகிறதா? அப்படியானால் இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் கீழே வையுங்கள். உங்கள் வீட்டு அலமாரியில் யாருடைய கண்ணாடி கிடக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.