மாமாவின் மடிக்கணினியை அடிப்பக்கமாகத் திறந்தது பற்றி

காரக்கோல்
சனிக்கிழமை, பகல் ஒன்று இருபது

பெருமதிப்பிற்குரிய ஜிர்கால்பெக் மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்கா மகள் சைகல் சலாம் சொல்லி எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, பசு எல்லோரும் நலம். பிஷ்கெக்கில் நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக, இந்தக் கடிதத்தை உட்கார்ந்தபடி படிக்க வேண்டும்.

விருந்துக்கு வந்தபோது நீங்கள் மறந்துவிட்டுப் போன மடிக்கணினி இதே பையில் இருக்கிறது. இரண்டு மணி வண்டியில் ஓட்டுநர் தாலந்த் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். "மூடி போட்டபடியே அனுப்பு, யாரும் தொடக் கூடாது" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். மூடி போட்டபடியேதான் வருகிறது. மேல்மூடியை நான் கழற்றவில்லை. அடிமூடியைத்தான் கழற்றினேன்.

கோபப்படும் முன் போன மாதத்தை நினைத்துப் பாருங்கள். விரிப்பு வாங்குகிறவர்களோடு காணொளியில் பேசும்போது இது உறைந்துபோய், நீங்கள் வாயைத் திறந்தபடி பதினொரு நிமிடம் நின்றீர்கள், அவர்களும் காத்திருந்துவிட்டுப் போய்விட்டார்கள். வரும் திங்கள் பத்து மணிக்குத்தான் மறுபடி பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவும் ஒன்பது பெண்களும் குளிர்காலம் முழுக்க விரலில் குத்திக்கொண்டு தைத்த நாற்பது கம்பளி விரிப்புகள் எங்கள் முன்னறையில் கூரையைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. இந்த முறையும் நீங்கள் உறைந்தால் அத்தனையும் இங்கேயே நிற்கும். மாவட்ட இயற்பியல் போட்டியில் எனக்குப் பரிசாக வந்த ரேம் என்ற நினைவகச் சில்லு உங்கள் கணினிக்குப் பொருந்தும் வகை. எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன்.

கணினி பழுதுபார்ப்பு பற்றிய நூலகப் புத்தகத்தில் சொன்னபடி முதலில் முழுவதுமாக அணைத்தேன். வாங்கிய நாளிலிருந்து நீங்கள் அதை அணைத்ததே இல்லை, மூடியை மட்டும் சாத்துவீர்கள் என்று அத்தை சொல்லியிருக்கிறார். அதனால் அணைவதற்கே நாற்பது நிமிடம் ஆயிற்று. பிறகு பதினொரு திருகுகளைக் கழற்றித் தேநீர்க் கிண்ணத்தில் போட்டு, என் நூலக அட்டையால் அடிமூடியை நெம்பி, பேட்டரி இணைப்பைப் பிரித்தேன். பழைய ரேமை எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு சோனுன் அக்கா வந்தார். புதிதாக எதைக் கண்டாலும் ராசிக்கு மிட்டாய் வீசுகிறவர், உங்கள் புது வேனுக்கு வீசியே முன்கண்ணாடியில் விரிசல் விழ வைத்தாரே, அவரேதான்.

"என்னடி இது, வயித்தைக் கிழிச்சு வெச்சிருக்கே?"

"மாமா லேப்டாப்புக்குப் புது ரேம் போடறேன், அக்கா."

"புதுசா? புதுசை வெறுங்கையோட பாக்க வெச்சிட்டியே. முதல்லயே சொல்ல மாட்டியா?"

நான் தடுப்பதற்குள் வீட்டுக்கு ஓடி, மடி நிறைய அள்ளிவந்து, "நூறு வருஷம் உழைக்கட்டும்" என்று மிட்டாயும் உப்புத் தயிர் உருண்டையுமாக வீசினார். பாதி நேராக அந்த வயிற்றுக்குள் விழுந்தது. நான் இரண்டு ரேமையும் ஒரு கையில் அள்ளி, மறு கையால் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டேன். வீசியது தரையில் கிடக்கக் கூடாதென்று அப்பாவும் மண்டியிட்டுப் பொறுக்கினார். விசிறிக்குள் சிக்கிய தயிர் உருண்டையை அம்மாவின் புருவ இடுக்கியால் எடுத்தேன், அது இன்னும் உப்பாக இருக்கிறது, இடுக்கி.

விருந்தாளி வந்துவிட்டாரே என்று அம்மா பேசிக்கொண்டே தேநீர் ஊற்றினாள். எந்தக் கிண்ணத்தில் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சோனுன் அக்கா ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "இன்னிக்குத் தேயிலை கொஞ்சம் கெட்டியா இருக்கு" என்றார்.

"துப்புங்க அக்கா, அது திருகு."

"உங்க வீட்டுல இதெல்லாமா போடறீங்க?" என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே துப்பினார். பதினொன்றும் கிடைத்தன.

"எதையாச்சும் மறந்துட்டியா, பாத்துக்கோ" என்றார் அப்பா, கைவிளக்கைப் பிடித்தபடி.

"இல்லப்பா."

ரேமைச் சாய்வாகச் செருகி, இரு பக்கமும் 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்தி, பேட்டரியை இணைத்து, மூடித் திருகி, போட்டுப் பார்த்தேன். முன்பு எதைத் திறக்கவும் ஒரு கிண்ணம் தேநீர் ஆறும் நேரம் எடுத்துக்கொண்டது, மாமா. இப்போது ஒரு மிட்டாயின் தாளைப் பிரிப்பதற்குள் திறந்துவிட்டது. அப்பா நம்பாமல் மூன்று முறை அணைத்துப் போட்டார். "நான் வீசின ராசி" என்றார் சோனுன் அக்கா. அறிவியல் என்றேன் நான். அம்மா முன்னறைக்குப் போய், அடுக்கில் கைக்கெட்டிய விரிப்பைத் தடவிவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை உங்கள் குரல் அறுபடாமல் போய்ச் சேரட்டும் என்று வீட்டில் எல்லோரும் கையேந்தி வேண்டிக்கொண்டோம். அத்தைக்கு என் அன்பு. தாலந்த் அண்ணன் இரண்டாம் முறை ஹாரன் அடித்துவிட்டார்.

இப்படிக்கு,
இந்த ஒரு முறை தவிர எப்போதும் சொல்பேச்சு கேட்கும்
சைகல்

பின்குறிப்பு: உறையில் முகவரி எழுதப் புத்தகத்தை நகர்த்தினேன். எண்பத்து நான்காம் பக்கத்தில் என் பரிசு ரேம் இருக்கிறது. மிட்டாய் மழையில் பக்கம் தவறாமலிருக்க நானே வைத்திருக்கிறேன். உள்ளே போனது உங்கள் பழையதுதான். அந்த வேகம் முழுக்க, நீங்கள் ஒருநாளும் அணைக்காததை நான் ஒருமுறை அணைத்ததால் வந்தது. மறுபடி திறக்க நேரமில்லை. சோனுன் அக்கா வேறு மடியை நிரப்பிக்கொண்டு வண்டியருகே நிற்கிறார். ஆகவே திங்கள் காலை எட்டு மணிக்கே தயவுசெய்து முழுவதுமாக அணைத்துப் போடுங்கள். ரேம் என்னிடமே இருக்கட்டும். கோடை விடுமுறைக்கு நான் வரும்வரை அடிப்பக்கத்தை மூடி போட்டபடியே வைத்திருங்கள், யாரும் தொடக் கூடாது.